காலி மனையில் கோடைக் காய்கறித் தோட்டம்: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆண்டுதோறும் புதிய நகர்கள் உருவாகி வருவதால், வீடு எழும்பாமல் முட்செடி மண்டிக் கிடக்கும் மனைகள் ஏறக்குறைய எல்லாத் தெருக்களிலும் உள்ளன. அப்படி ஒரு மனையைச் சீர்செய்து கோடையில் வீட்டுக்கு வேண்டிய காய்கறிகளை விளைவிக்க விரும்புவோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இந்தக் கடற்கரையில் கோடைத் தோட்டத்துக்கான வேலை பொங்கலுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும் என்பதும், எவ்வளவு இடத்தில் பயிரிடலாம் என்பதைக் கிடைக்கும் தண்ணீரே தீர்மானிக்கும் என்பதும் கீழுள்ள விடைகள் அனைத்துக்கும் அடிப்படை.

மனை எங்களுடையது அன்று. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அதில் தோட்டம் போடலாமா?

போடலாம், ஆனால் அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்ற பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். புதுச்சேரியில் பிரான்சுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் மனைகள் நிறைய உள்ளன. உறவினர் ஒருவர் தொலைபேசியில் தலையாட்டியதை நம்பித் தொடங்கிய தோட்டம், வேறொரு பங்காளி ஊருக்கு வந்ததும் வம்பில் முடிவது உண்டு. எத்தனை மாதங்களுக்குப் பயிரிடப் போகிறோம், கட்டுமானம் எதுவும் எழுப்ப மாட்டோம், நிலைத்து நிற்கும் மரம் எதையும் நட மாட்டோம், கேட்டால் நிற்கும் பயிரின் அறுவடை முடிந்தவுடன் ஒப்படைத்துவிடுவோம் என்ற நான்கு செய்திகளும் கடிதத்தில் இருந்தால் போதும். முருங்கைக் கொம்பு ஒன்றை ஓரத்தில் ஊன்றுவது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால் உரிமையாளர்களுக்கு அச்சத்தை ஏற்படுத்துவது பெரும்பாலும் அதுதான். ஏரிக்கரை, ஓடைக்கரை, ஆற்றுப் புறம்போக்கு ஆகியவற்றைத் தொடவே வேண்டாம்.

பரப்பைக் குறிப்பிடும்போது சதுர அடியில் எழுதுங்கள். புதுச்சேரியில் குழி என்றால் 576 சதுர அடி; எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்தால் 144 சதுர அடியைக் குழி என்பார்கள். இந்த வேறுபாடு பேச்சில் பெருங்குழப்பத்தைத் தரும்.

2400 சதுர அடி மனை முழுவதிலும் பயிரிடலாமா?

தண்ணீரைக் கணக்கிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சித்திரை வைகாசி வெயிலில், இலைவிரித்து நிற்கும் பயிருக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதாவது சுமார் 40 சதுர மீட்டர். நடைபாதை போகப் பாத்தி 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 125 முதல் 150 லிட்டர் வேண்டும். மனை முழுவதையும் பயிராக்கினால் கத்திரி வெயில் நாட்களில் நாள்தோறும் 700 லிட்டருக்கும் மேல் ஊற்ற வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாய் இழுத்துப் பாய்ச்சுபவருக்கு இது நட்பையே சோதிக்கும் அளவு. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒன்றரைச் சென்ட் போதும். எஞ்சிய இடத்தைச் சருகு மூடி வைத்து, மழைக்காலத்துக்கு விட்டுவிடுவதே நல்லது.

எங்கள் பகுதித் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது. காய்கறி வருமா?

தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, அரியாங்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து அதிகம் வரும் கேள்வி இது. நாக்கால் சுவைத்து முடிவு செய்யாமல், குடிநீர் வடிகட்டி விற்கும் கடைகளில் கிடைக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரால் (நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் கருவி) அளந்து பாருங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை உப்பு இருந்தால் எந்தக் காய்கறிக்கும் தடையில்லை. அதிலிருந்து 2000 வரை பயிரைத் தெரிந்தெடுத்துப் போட வேண்டும். 2000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பிக் கோடைத் தோட்டம் தொடங்காமலிருப்பதே மேல். அளவைத் தையில் ஒருமுறையும் பங்குனியில் ஒருமுறையும் எடுப்பது அவசியம். மழை ஓய்ந்த கையோடு நல்ல தண்ணீராக இருக்கும் கிணறு, நிலத்தடி நீர் இறங்க இறங்க உவர்ப்பேறும்.

இடைப்பட்ட உப்பை நன்றாகத் தாங்கக் கூடியது கொத்தவரை. அதற்கு அடுத்து காராமணி. பருப்புக்கீரை உப்பு மண்ணிலும் தானாகவே முளைத்துப் படரும். பீன்ஸ் உப்பைத் தாங்கவே தாங்காது. கத்தரியும் வெண்டையும் ஓரளவே தாங்கும். இலையின் ஓரம் மட்டும் தீய்ந்து கருகுவதும், பாத்தியின் மேல்மண்ணில் வெள்ளைப் பூப் போல ஏதோ படிவதும் உப்பு சேர்வதன் அடையாளங்கள். இதைக் கண்டவுடன் பலரும் தண்ணீரைக் குறைத்து நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கத் தொடங்குகிறார்கள். அதனால் உப்பு வேர்ப்பகுதியிலேயே தங்கிவிடுகிறது. இடைவெளி விட்டு, ஒரே தடவையில் ஆழமாக நனையும்படி பாய்ச்சினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். குடிநீர் வடிகட்டி வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றினாலும், வடிகட்டியில் விட்டதைவிட அதில் உப்பு கூடுதல். உவர்நீர்ப் பகுதிகளில் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர் தாராளமாகப் போகலாம்.

மனையில் கட்டட இடிபாடும் கோரையும் நிறைந்திருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பொக்லைன் எந்திரம் கொண்டு ஒரே நாளில் சமன் செய்துவிடலாம் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். அது இடிபாட்டைக் கீழே புதைத்து, அடிமண்ணை மேலே கொண்டுவந்து, மொத்தத்தையும் இறுக்கிவிடும். செங்கல் துண்டு, சிமென்ட் காரை, ஓட்டுச்சில்லு ஆகியவற்றைக் கையால் பொறுக்கி வெளியேற்ற வேண்டும். காரை மிகுந்த மண்ணில் காரத்தன்மை ஏறுவதால் இரும்புச் சத்து கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை வெளுக்கும். சீமைக் கருவேலத்தை வெட்டினால் துளிர்க்கும். தூரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே கையுறை அணிந்து பிடுங்கிவிடுங்கள்.

கோரைதான் கடினமான எதிரி. மேலே தெரியும் புல்லைச் செதுக்கினால் மண்ணுக்குள் சரம் சரமாக இருக்கும் கிழங்குகள் ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். சுழல்கலப்பை ஓட்டினால் கிழங்குச் சரம் அறுந்து மனை முழுவதும் பரவும். கடப்பாரையாலோ முள்கரண்டியாலோ மண்ணைப் புரட்டி, ஈரம் இருக்கும்போதே கிழங்கைச் சரத்தோடு உருவி எடுத்து வெயிலில் காயப்போடுவதே வழி. இந்த ஆண்டு பயிரிடாத பகுதியை மே மாதத்தில் நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டும்படி விரித்து, ஓரங்களில் மண் அணைத்து ஆறு வாரங்கள் விட்டுவைத்தால், வெப்பத்தில் களை விதைகளும் வேரைத் தாக்கும் நூற்புழுக்களும் பெருமளவு அழியும். கோரையும் தளரும், ஆனால் முற்றிலும் ஒழிந்துவிடாது.

எந்த மண்ணுக்கு எதைச் சேர்க்க வேண்டும்?

கோரிமேடு, கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண், கடலோர மணல், பாகூர்ப் பக்கத்துக் களிமண் என்று இந்தச் சிறிய பரப்புக்குள்ளேயே மண் மாறுகிறது. போதாக்குறைக்கு, மனைகளைத் தெருமட்டத்துக்கு உயர்த்தக் கொட்டப்படும் கிராவல் வேறு. கிராவல் கொட்டி உருளை ஓட்டிய மனையில் மேலாக எருவைத் தூவிப் பயனில்லை. பயிர் வரும் இடத்தில் மட்டும் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழியெடுத்து, நல்ல மண்ணும் மட்கிய எருவும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலையடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது நிகழ்ந்ததைப் போல, ஆற்றோர மனைகளில் நுண்வண்டல் படிவது உண்டு. அது சத்து நிறைந்ததுதான் என்றாலும் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து விதையை வெளியே விடாது. கொத்தி அடிமண்ணோடு கலந்துவிட வேண்டும்.

பொதுவாகச் சென்டுக்கு 100 கிலோ மட்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கும் அடியுரமாகப் போதும். நெல்லிக்குப்பம் பக்கம் கிடைக்கும் சர்க்கரை ஆலைக் கழிவும் நல்ல எருவே, ஆனால் புதிதாக வருவது சூடேறும். குவித்து நனைத்து மட்க வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். தென்னைநார்க் கழிவும் அப்படியே. மண்ணை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது: பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டியெடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக்கிலோ எடுத்துச் செல்ல வேண்டும். புதுச்சேரியினர் குரும்பாபேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், கடலூர் மாவட்டத்தினர் விருத்தாசலத்தில் உள்ளதையும் அணுகலாம்.

மேட்டுப்பாத்தி போடுவதா, பள்ளப்பாத்தியா?

காணொளிகளில் பார்க்கும் பலகை அடித்த மேட்டுப்பாத்தி ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஏற்றது. கோடையில் அது எல்லாப் பக்கமும் வெயில்பட்டு, காலையில் ஊற்றிய நீரை மாலைக்குள் இழந்துவிடும். மணற்பாங்கான மண்ணில் நடைபாதையைவிட நான்கு விரற்கடை தாழ்ந்த பள்ளப்பாத்தியே கோடைக்கு உகந்தது. களிமண்ணாக இருந்தால் பார் (நீளமான மண்வரம்பு) பிடித்து, இடையிலுள்ள சாலில் (பள்ளத்தில்) நீர்விட்டு, பாரின் பக்கவாட்டில் நடுங்கள். இரண்டிலும் மண் கண்ணுக்குத் தெரியாதபடி வைக்கோல், சவுக்குச் சருகு, காய்ந்த முந்திரி இலை என்று எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு மூடாக்கு இட வேண்டும். தண்ணீர்ச் செலவைக் குறைப்பதில் இதற்கு ஈடான வேறொரு வேலை தோட்டத்தில் இல்லை.

எப்போது விதைக்க வேண்டும்?

கத்திரி வெயில் மே முதல் வாரத்தில் தொடங்கும்போது கொடி பந்தலை மூடியிருக்க வேண்டும், கத்தரி வேர்பிடித்துக் காய்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மார்கழியின் பிற்பாதியில் கத்தரி, மிளகாய், தக்காளி விதைகளை நாற்றுத்தட்டில் இட்டால், தக்காளி 25 நாட்களிலும் கத்தரி 30 முதல் 35 நாட்களிலும் மிளகாய் 40 நாட்களிலும் நடவுக்கு வரும். பொங்கல் கழிந்ததும் புடலை, பீர்க்கன், பாகல், சுரை ஆகியவற்றைக் குழியில் ஊன்றலாம். வெண்டை, கொத்தவரை, காராமணி ஆகியவற்றை நேரடியாகப் பாத்தியில் விதைக்கலாம். பாகல் விதையின் ஓடு கடினமானது. ஒரு நாள் முழுதும் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளை எட்டிப் பார்த்தபின் ஊன்றினால் பழுதாகாது. வெண்டையை மாசியில் இரண்டாம் முறை விதைத்தால் முதல் செடிகள் ஓயும்போது அடுத்தவை காய்க்கும். கீரைக்குப் பட்டம் பார்க்க வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கொருமுறை ஒரு பாத்தி தூவினால் போதும்.

பங்குனிக் கடைசியில் ஆசை வந்து விதைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: கொத்தவரையும் கீரையும் தவிர வேறெதிலும் பணத்தைப் போடாதீர்கள்.

தக்காளி ஏன் மே மாதத்தில் பூவோடு உதிர்ந்துவிடுகிறது?

இரவு வெப்பநிலையே காரணம். இரவில் 21 முதல் 24 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. இந்தக் கடற்கரையில் மே மாத இரவு அதற்குக் கீழே இறங்குவது அரிது. உரமும் ஊக்கியும் இதை மாற்றாது. பங்குனிக்குள் பறித்து முடித்துவிட்டுச் செடியை எடுத்துவிடுங்கள்.

எந்த இரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம்?

பக்கத்திலேயே பதில் இருக்கிறது. பண்ருட்டிக்கு அருகே பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே உருவான பாலூர் 1 கத்தரி, பாலூர் புடலை போன்றவை இந்த மண்ணிலும் வெயிலிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. வெண்டையில் அர்க்கா அனாமிகா மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் இரகமாக வெளியிடப்பட்டது. இப்போது அதன் தாங்குதிறனை முழுமையாக நம்ப முடியாவிட்டாலும் வீட்டுத் தோட்டத்துக்கு இன்றும் நல்ல தேர்வே. கொத்தவரையில் மதுரை 1, பூசா நவ்பகார் இரண்டும் பொருந்தும். விதை எடுத்து மறு ஆண்டுக்கு வைக்க விரும்பினால் வீரிய ஒட்டு விதையைத் தவிருங்கள்.

பந்தலை எங்கே, எதைக் கொண்டு போடுவது?

மனையின் மேற்குப் பக்கத்தில் போடுங்கள். பிற்பகல் வெயிலையும் வைகாசி, ஆனியில் வரும் சூடான மேல்காற்றையும் கொடிகள் தடுத்துக்கொள்ள, அவற்றின் கிழக்கே கத்தரியும் கீரையும் பிழைக்கும். காற்றுத் தாங்க வேண்டிய பக்கமாதலால் எட்டடிச் சவுக்குக் கழியை ஒன்றரை அடி ஆழம் புதைக்க வேண்டும். புதையும் முனையைத் தீயில் கருக்கிக்கொண்டால் கரையான் எளிதில் அண்டாது.

மேலே கட்ட, கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் கழித்துவிடப்பட்ட மீன்வலை மலிவாகக் கிடைக்கும். வலையில் நூலைப் பாருங்கள். விசைப்படகில் இழுக்கும் தடித்த நூல் வலை கொடிக்கும் வேலிக்கும் பொருந்தும். நரம்பு போன்ற மெல்லிய செவுள்வலையை மட்டும் வாங்காதீர்கள். பீர்க்கனின் பற்றுக்கம்பி அதில் வழுக்கும், எடை ஏறினால் நூல் தண்டை அறுக்கும். எல்லாவற்றையும்விட, தரையோடு தொங்கும் பகுதியில் ஓணானும் சாரைப்பாம்பும் செதில் சிக்கி, விடுபடத் திமிறத் திமிற இறுகிச் சாகும். எலியைப் பிடிக்கும் சாரையை இழந்த தோட்டத்தில் வெள்ளரிப் பிஞ்சு மிஞ்சாது.

புடலை வளைந்து சுருண்டால், பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நுனியில் சிறு கல்லை நூலில் கட்டித் தொங்கவிடும் பழைய பழக்கம் இன்றும் செல்லுபடியாகும்.

பீர்க்கன் நிறையப் பூக்கிறது. பிஞ்சு மட்டும் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. ஏன்?

முதலில் வரும் பூக்கள் எல்லாமே ஆண்பூக்கள். இது இயல்பு, வெப்பம் மிகுந்தால் அவற்றின் எண்ணிக்கை மேலும் கூடும். பூவின் அடியில் ஒரு குட்டிக் காய் இருந்தால் அது பெண்பூ. அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி விழுகிறது என்றால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். சுற்றிலும் வீடுகள் நெருங்கிய மனைகளில் தேனீயும் அந்துப்பூச்சியும் குறைவு. கையால் சேர்த்துவிடலாம், பூ விரியும் வேளை தெரிய வேண்டும், அவ்வளவே. பாகல், பூசணி, வெள்ளரி விடியற்காலையில் விரியும். பீர்க்கன் பொழுது சாயும்போது விரியும், சுரையும் மாலையில்தான், புடலையின் நூல்நூலான வெள்ளைப் பூ இருட்டிய பிறகு மலரும். ஆகவே பீர்க்கனுக்குக் காலையில் தூரிகையோடு நிற்பதால் எந்தப் பயனும் இல்லை. அன்று விரிந்த ஆண்பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பின்னோக்கி மடித்து, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண்பூவின் பிளவுபட்ட சூலகமுடியில் எல்லா மடல்களிலும் படும்படி மெல்லத் தடவுங்கள். மறு மூன்று நாட்களில் பிஞ்சின் காம்பு தடித்துக் கீழ்நோக்கி வளைந்தால் பிடித்துவிட்டது.

பூச்சிக்கு மருந்து அடிக்காமல் சமாளிக்க முடியுமா?

ஒன்றரைச் சென்டுக்கு முடியும். கண்ணும் கையும் போதும். கத்தரியின் நுனிக்கொழுந்து வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே கிள்ளி, புழுவோடு நசுக்க வேண்டும். தேமல் வந்த வெண்டையைத் தயங்காமல் பிடுங்குங்கள். நோயைச் சுமக்கும் வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டட்டை தொங்கவிடலாம். பூசணிக் குருத்தை அரிக்கும் சிவப்பு வண்டு வெயில் ஏறுவதற்கு முன் மந்தமாக இருக்கும்; அப்போது பொறுக்கிவிடலாம். பாகலின் பழ ஈக்குக் கவர்ச்சிப் பொறி வைப்பதோடு, விழுந்த காய்களை நெகிழிப் பையில் கட்டி வெயிலில் வாட்ட வேண்டும். எருக்குழியில் எறிந்தால் அங்கேயே அடுத்த தலைமுறை உருவாகும். தெளிப்பு தேவைப்பட்டால், லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள்.

மீன் கழிவை உரமாக்கலாமா?

ஆம். செவுள், குடல் போன்ற பச்சைக் கழிவையும் அதே எடை வெல்லத்தையும் மூடியுள்ள நெகிழி வாளியில் அடுக்கி மூன்று நான்கு வாரங்கள் நிழலில் வைத்தால், நாற்றம் அடங்கித் தேன் நிறத்தில் கரைசல் ஊறும். லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து தெளிக்கலாம். கருவாட்டுக் கழிவைச் சேர்க்கக் கூடாது, அதிலிருப்பது உப்பு. வாளியின் மூடிமேல் கல் வைக்காவிட்டால் தெருப் பூனைகள் அனைத்தும் உங்கள் தோட்டத்துக்குக் குடிவந்துவிடும்.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு மனையைப் பங்கிட்டால் சச்சரவு வராமல் இருக்க என்ன செய்வது?

நிலத்தைச் சதுரங்களாகப் பிரிக்காமல், தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்புறம் வரை நீளும் பட்டைகளாகப் பிரியுங்கள். அப்போது ஒவ்வொருவருக்கும் தலைமடையும் கடைமடையும் சம அளவில் கிடைக்கும். பந்தலை யாருடைய பங்கிலும் சேர்க்காமல் பொதுவில் வைத்து, காயைப் பறிக்கும் முறை நாளை மட்டும் பிரித்துக்கொள்ளலாம். தண்ணீர் முறையையும் மின்கட்டணப் பங்கையும் விதைப்பதற்கு முன்பே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சித்திரையில் தொட்டி வற்றிய பிறகு பேசித் தீர்ப்பது எளிதன்று.

கோடை விடுமுறையில் ஒரு வாரம் வெளியூர் போக வேண்டும். செடிகள் என்ன ஆகும்?

கொடிக்குழி ஒவ்வொன்றின் அருகிலும் மெருகு பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவையுங்கள்; பானையின் உடல் வழியே நீர் கசிந்து வேருக்குப் போகும். வில்லியனூர்ப் பக்கம் மண்பாண்டத் தொழில் இருப்பதால் பானைக்குப் பஞ்சமில்லை. ஐந்து லிட்டர் பானை கத்திரி வெயிலில் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஒரு வாரத்துக்கு அண்டை வீட்டார் இரண்டு முறையாவது வந்து நிரப்ப வேண்டும்.

ஆனிக்குப் பிறகு மனையை எப்படி விடுவது?

காய்ப்பு ஓய்ந்த கொடிகளை வேரோடு பிடுங்குங்கள். வேரில் முடிச்சுகள் தென்பட்டால் அது நூற்புழுவின் வேலை, அந்தச் செடியை எருக்குழிக்கு அனுப்பாமல் எரித்துவிட வேண்டும். அந்த இடத்தில் அடுத்த பட்டத்துக்குக் கத்தரியும் வெண்டையும் வேண்டாம்; செண்டுமல்லி போடலாம். மற்றப் பாத்திகளில் ஆடியில் மழை கிடைத்தவுடன் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தறுவாயில், ஏறத்தாழ 45 நாட்களில், மடக்கி மண்ணோடு புதைத்தால் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மட்கிவிடும். உவர் மண்ணையும் அது தாங்கும். மழைநீர் மனையிலேயே தேங்கி இறங்கும்படி ஓரங்களில் வரப்பு உயர்த்தி விட்டால், கோடையில் மேலேறிய உப்பு கார்த்திகைக்குள் கீழே போய்விடும்; ஆனால் களிமண் மனையாக இருந்தால் வரப்பில் ஒரு வடிகால் மடை வைக்க மறக்காதீர்கள்.